அப்பா போனில் மட்டும் வைஃபை வேலை செய்யவில்லையா? ரூட்டர் வாங்கும் முன் இதைப் பாருங்கள்

நீங்கள் எழுதியிருப்பதை நான் புரிந்துகொண்டது இப்படி: வீட்டில் பைபர் இணைப்பு. உங்கள் போன், மனைவியின் போன், டிவி எல்லாம் ஒழுங்காக ஓடுகின்றன. அப்பாவின் நான்கு வருடப் பழைய ஆண்ட்ராய்டு போன் மட்டும் வைஃபையில் சேர்கிறது, ஆனால் இன்டர்நெட் இல்லை என்கிறது. வைஃபை சின்னத்தின் ஓரத்தில் ஆச்சரியக்குறி. கடையில் காட்டியதற்கு ரூட்டர் பழசாகிவிட்டது, புதுசு போடுங்கள் என்றிருக்கிறார்கள். எந்த ரூட்டர் வாங்கலாம் என்பது உங்கள் கடைசி வரி. ஆனால் உண்மையில் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது, கோளாறு போனிலா ரூட்டரிலா என்பதுதான். அது தெரிந்துவிட்டால் வாங்குவதா வேண்டாமா என்பதற்கு என்னைக் கேட்கவே வேண்டியிருக்காது.

நான் பதினாறு வருடமாக வீடுகளுக்கும் சின்ன அலுவலகங்களுக்கும் நெட் இணைப்பு போட்டுக் கொடுக்கிறவன். முதலில் செம்புக் கம்பி, இப்போது பைபர். அந்த அனுபவத்தில் ஒன்றை அடித்துச் சொல்லலாம்: வீட்டில் நாலு பொருளில் மூன்று ஓடி ஒன்று மட்டும் நின்றால், முதலில் கைவைக்க வேண்டியது அந்த ஒன்றில்தான். ரூட்டருக்கு முழு விடுதலை கொடுக்கவில்லை, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். ஆனால் பணம் கட்டும் முன் ஒரு அரை மணி நேரம் செலவழியுங்கள்.

முதலில் அந்த ஆச்சரியக்குறி என்ன சொல்கிறது என்று பார்ப்போம். போனின் மேல் மூலையில் விசிறி மாதிரித் தெரியும் கோடுகள், போனுக்கும் ரூட்டருக்கும் நடுவே உள்ள ரேடியோ தொடர்பை மட்டும்தான் காட்டும். ரூட்டருக்குப் பின்னால் வரும் பைபரைப் பிடுங்கிவிட்டாலும் கோடுகள் நிறைந்தே இருக்கும். குழாய் நன்றாக இருக்கிறது, தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. அந்த வேறு கேள்விக்குப் பதில் தெரிந்துகொள்ள, ஆண்ட்ராய்டு போன் வைஃபையில் சேர்ந்த உடனே கூகுள் சர்வர் ஒன்றை ஒரு குட்டி முகவரியில் கூப்பிட்டுப் பார்க்கும். அங்கிருந்து 204 என்ற எண் பதிலாக வர வேண்டும். ‘கேட்டது வந்தது, தருவதற்கு ஒன்றுமில்லை’ என்று அதற்கு அர்த்தம். ஐபோனும் ஆப்பிளின் ஒரு பக்கத்தைத் திறந்து இதே வேலையைச் செய்கிறது. அந்தப் பதில் வராவிட்டால் ஆச்சரியக்குறி. அவ்வளவுதான். பதில் ஏன் வரவில்லை என்று போனுக்கும் தெரியாது, அந்தக் குறியைப் பார்த்து ரூட்டரைக் குறை சொன்ன கடைக்காரருக்கும் தெரிந்திருக்க வழியில்லை.

அந்தப் பதில் வருவதற்குள் சில படிகள் சரியாக நடக்க வேண்டும். ரூட்டர் போனுக்கு ஓர் ஐபி முகவரி, அதாவது வீட்டு நெட்வொர்க்கில் அந்தப் போனுக்கான எண், கொடுக்க வேண்டும். தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் எண்ணைச் சொல்லும் டிஎன்எஸ் சர்வர் பதில் தர வேண்டும். வெளியே போகும் பாதை திறந்திருக்க வேண்டும். அப்புறம், அந்தப் பக்கம் ‘நான் அசல்தான்’ என்று காட்டும் பாதுகாப்புச் சான்றிதழைப் போன் நம்ப வேண்டும். கவனியுங்கள், பாஸ்வேர்டு இந்தப் பட்டியலிலேயே இல்லை. ‘கனெக்டட்’ என்று வந்துவிட்டால் பாஸ்வேர்டு சரி என்றுதான் பொருள். அதைத் திரும்பத் திரும்ப அடித்துப் பார்ப்பதில் பிரயோஜனம் இல்லை.

இப்போது உங்கள் கேள்வியில் விட்டுப்போன ஒன்று. வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவைப் போட்டால் அப்பாவின் போனில் நெட் வருகிறதா? எனக்கு முதலில் தேவைப்படுவது இதற்கான பதில்தான். கூடவே இன்னொரு சோதனையும் செய்யுங்கள்: உங்கள் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, அப்பாவின் போனை அந்த வைஃபையில் சேருங்கள். செலவில்லை, கருவி எதுவும் வேண்டாம், ஆனால் இந்த இரண்டும் சேர்ந்து பாதி விசாரணையை முடித்துவிடும். ஹாட்ஸ்பாட்டிலும் வரவில்லை, மொபைல் டேட்டாவிலும் வரவில்லை என்றால் கோளாறு போனுக்குள் இருக்கிறது, ரூட்டரை மறந்துவிடலாம். மொபைல் டேட்டாவில் வருகிறது, எந்த வைஃபையில் சேர்த்தாலும் வரவில்லை என்றாலும் அது போன் பக்கம்தான். ஹாட்ஸ்பாட்டில் ஜம்மென்று ஓடுகிறது, வீட்டு வைஃபையில் மட்டும் நிற்கிறது என்றால், அந்தப் போனுக்கும் அந்த ரூட்டருக்கும் இடையில் ஏதோ ஒத்துப்போகவில்லை. அப்போதும் ரூட்டர் கெட்டுவிட்டது என்று ஆகாது.

எங்கே போட்டாலும் வரவில்லை என்றால், முதலில் தேதியைப் பாருங்கள். சிரிக்காதீர்கள். ஒரு மழைக்காலத்தில் ஒரு தையல் கடைக்குப் போனேன். கடைக்காரர் போனில் நெட் வரவில்லை, பக்கத்து மெஷினில் உட்கார்ந்திருந்தவர் போனில் அதே வைஃபையில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பிரவுசரைத் திறந்தால் ‘உங்கள் கடிகாரம் முன்னால் ஓடுகிறது’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி நின்றது. அவர் அதைப் படிக்காமலே மூடி மூடித் திறந்திருக்கிறார். பூட்டிய திரையில் பார்த்தால் நாங்கள் இருந்த நவம்பருக்கு அடுத்த வருஷம் மார்ச்! பேரன் வேலை. ஒரு விளையாட்டில் உயிர் தீர்ந்துவிட்டால் அரை மணி காத்திருக்க வேண்டுமாம். தேதியைத் தள்ளி வைத்தால் உடனே கிடைத்துவிடுமாம். பையன் ஒவ்வொரு முறையும் தள்ளிக்கொண்டே போயிருக்கிறான். தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழுக்கு இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை என்று ஆயுள் உண்டு, பல தளங்களுக்கு அது மூன்று மாதம்தான். போனின் கணக்கில் அவையெல்லாம் காலாவதி. அதனால் அவற்றை நம்ப மறுத்துவிட்டது. தேதியைத் ‘தானாக அமைக்கவும்’ என்று மாற்றியதும் அந்த நொடியே எல்லாம் வந்தது. இரண்டு மாதமாக அவர் டேட்டா தீர்ந்துவிட்டது என்று நினைத்து ரீசார்ஜ் செய்துகொண்டிருந்தார்.

தேதி சரி என்றால் அடுத்து விபிஎன், அதாவது போனின் நெட் போக்குவரத்தைத் தன் வழியாகத் திருப்பிவிடும் ஏற்பாடு. திரையின் மேல் சாவிச் சின்னம் தெரிகிறதா பாருங்கள். பெரியவர்கள் போனில் ‘போன் கிளீனர்’, ‘ஸ்பீடு பூஸ்டர்’ என்று ஏதாவது ஒன்று விளம்பரத்தை அழுத்திய கையோடு ஏறியிருக்கும், அது தனக்கென்று ஒரு விபிஎன்னைப் போட்டுக்கொண்டிருக்கலாம். விளம்பரத்தைத் தடுக்கும் ஆப்களிலும் பல இப்படித்தான் வேலை செய்கின்றன. எடுத்துவிட்டுப் பாருங்கள்.

அதற்கடுத்தது பிரைவேட் டிஎன்எஸ், அதாவது தளப் பெயரின் எண்ணை மற்றவர் பார்க்க முடியாதபடி கேட்கும் வழி. 2018-இல் வந்த ஆண்ட்ராய்டு 9 முதல் இந்த அமைப்பு இருக்கிறது. செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குள், சில போன்களில் ‘மேலும் இணைப்பு அமைப்புகள்’ என்பதற்குள் ஒளிந்திருக்கும். செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் டிஎன்எஸ் என்று தேடினால் வந்துவிடும். ஆஃப், ஆட்டோமேட்டிக், பெயர் கொடுத்தல் என்று மூன்று தேர்வுகள். ‘யூடியூப் தவிர எல்லா விளம்பரமும் போய்விடும்’ என்று ஒரு வீடியோவில் பார்த்துவிட்டு யாராவது உறவுக்காரப் பையன் மூன்றாவதில் ஒரு சர்வர் பெயரை அடித்து வைத்திருப்பான். அந்தச் சர்வர் ஓடும்வரை சந்தோஷம். பெயரில் ஓர் எழுத்து பிசகினாலோ, அந்த சர்வர் படுத்தாலோ, போன் வேறு யாரிடமும் கேட்காது. ஒரு தளத்தின் பெயருக்கும் எண் கிடைக்காது. இதில் ஒரு வில்லங்கம் உண்டு. பிரைவேட் டிஎன்எஸ் 853 என்ற எண் கொண்ட கதவு (போர்ட்) வழியாகப் போகிறது. சில நெட்வொர்க்குகளில் அந்தக் கதவு மூடியிருக்கும். அப்போது மொபைல் டேட்டாவில் எல்லாம் வரும், வைஃபைக்கு மாறியதும் எதுவும் வராது. அதனால் மொபைல் டேட்டா ஓடுகிறது என்பதற்காக இதைப் பார்க்காமல் விடாதீர்கள். ‘ஆட்டோமேட்டிக்’ என்று மாற்றி வையுங்கள்; அதில் பாதுகாப்பான வழி கிடைக்காவிட்டால் போன் பழைய வழியிலேயே கேட்டுக்கொள்ளும்.

சரி, ஹாட்ஸ்பாட்டில் ஓடுகிறது, வீட்டில்தான் ஓடவில்லை என்றால்? இந்த இடத்தில் நான் ஒருமுறை சறுக்கியதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு வீட்டில் பழைய இணைப்பை எடுத்துவிட்டுப் புது இணைப்பு போட்டேன். எல்லாப் பொருளிலும் திரும்ப பாஸ்வேர்டு போட வேண்டாமே என்று, பழைய ரூட்டரின் வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் அப்படியே புது ரூட்டருக்கும் வைத்தேன். எல்லாம் தானாகச் சேர்ந்துகொண்டன. அந்த வீட்டு அண்ணன் போன் மட்டும் உங்கள் அப்பாவின் போன் மாதிரியே சேர்ந்தது, நெட் இல்லை. ஒரு மணி நேரம் ரூட்டரை அணைத்துப் போட்டு, சேனலை மாற்றி, புது ரூட்டரிலேயே கோளாறு என்று கிட்டத்தட்ட முடிவு கட்டிவிட்டேன். கடைசியில் அந்த நெட்வொர்க் பெயரை அழுத்திப் பார்த்தால், அதில் ஐபி முகவரி கையால் போட்டு வைத்திருந்தது. பழைய ரூட்டரின் முகவரி 192.168.0.1. புதியது 192.168.1.1. அந்தப் போன், வீடு மாறிப் போனவரின் பழைய கதவைத் தட்டிக்கொண்டே நின்றிருக்கிறது. ‘ஸ்டாட்டிக்’ (கையால் போட்ட முகவரி) என்று இருந்ததை ‘டிஹெச்சிபி’ (ரூட்டரே முகவரி கொடுப்பது) என்று மாற்றினேன், பத்து நொடியில் முடிந்தது. முதல் ஐந்து நிமிடத்தில் பார்த்திருக்க வேண்டியது.

நீங்களும் இதையே செய்யுங்கள். இரண்டு போன்களையும் பக்கத்தில் வைத்து, வைஃபை பட்டியலில் உங்கள் வீட்டுப் பெயருக்கு அருகில் உள்ள பல்சக்கரச் சின்னத்தை அழுத்துங்கள். ஐபி முகவரி என்று நான்கு எண்கள் புள்ளி வைத்து வரும். சாதாரண வீட்டு ரூட்டரில் முதல் மூன்று எண்களும் இரண்டு போனிலும் ஒன்றாக இருக்க வேண்டும், கடைசி எண் வேறாக இருக்க வேண்டும். உங்களுடையது 192.168.1.5, அப்பாவுடையது 192.168.1.9 என்றால் சரி. முதல் மூன்று ஒத்துப்போகவில்லை என்றால் மேலே சொன்ன கதை. நான்கும் அப்படியே ஒன்றாக இருந்தால் ஒரே முகவரிக்கு இரண்டு பேர் அடித்துக்கொள்கிறார்கள். ஐபோன் வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால்: 169.254 என்று தொடங்கும் எண் தெரிந்தால் ரூட்டர் உங்களுக்கு முகவரியே கொடுக்கவில்லை, போன் தானாக ஒன்றைப் போட்டுக்கொண்டது.

முகவரியும் ஒழுங்காக இருக்கிறது, ஆனாலும் வரவில்லை என்றால் ரூட்டருக்குள் அந்தப் போன் தடுக்கப்பட்டிருக்கலாம். ஒவ்வொரு போனின் வைஃபைக்கும் மேக் முகவரி என்று ஓர் அடையாளம் உண்டு. அதை வைத்துத்தான் ரூட்டர் ஆளை அடையாளம் காண்கிறது. 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதலும் 2020-இல் வந்த ஐஓஎஸ் 14 முதலும், போன்கள் தங்கள் உண்மையான அடையாளத்தை மறைத்து ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் ஒரு பொய் அடையாளத்தைக் காட்டுகின்றன. நல்ல ஏற்பாடுதான், கடைகடையாக நம்மைப் பின்தொடர முடியாது. ஆனால் ‘இந்த அடையாளங்களுக்கு மட்டும் நெட்’ என்று யாரோ ரூட்டரில் பட்டியல் போட்டு வைத்திருந்தால் சிக்கல். அதே பல்சக்கரத்துக்குள் ‘பிரைவசி’ என்ற இடத்தில் ‘ரேண்டமைஸ்டு மேக்’, ‘போன் மேக்’ என்று இரண்டு தேர்வு இருக்கும். இருப்பதை மற்றதற்கு மாற்றி, மறுபடி இணைத்துப் பாருங்கள். உடனே நெட் வந்தால், பழைய அடையாளம் அந்த அனுமதிப் பட்டியலில் இல்லை, அல்லது ரூட்டரின் தடைப் பட்டியலிலோ ‘பேரன்டல் கண்ட்ரோல்’ பகுதியிலோ அது மாட்டிக்கொண்டிருக்கிறது. பரீட்சை நேரத்தில் பையன் போனை நிறுத்துகிறேன் என்று தாத்தா போனை நிறுத்திய வீடு எனக்குத் தெரியும். இரண்டும் ஒரே கம்பெனி மாடல், பட்டியலில் ஒரே பெயர்.

இதெல்லாம் பார்த்தும் பிடிபடவில்லையா, அப்போதுதான் பொத்தாம்பொதுவான மருந்துகள். வைஃபை பெயரை ‘ஃபர்கெட்’ செய்து புதிதாகச் சேருங்கள். ரூட்டரின் மின் இணைப்பை எடுத்து, ஒரு நிமிடம் விட்டுப் போடுங்கள். ஒரே ஒரு போனின் விஷயத்தில் ரூட்டர் குழம்பி நிற்பதும் நடப்பதுதான், அதற்கு இது போதும். பிறகு போனில் நெட்வொர்க் ரீசெட். ஆண்ட்ராய்டில் சிஸ்டம் பகுதியில் ரீசெட் ஆப்ஷன்ஸ் என்று இருக்கும், சாம்சங்கில் ‘ஜெனரல் மேனேஜ்மென்ட்’டுக்குள். இதில் படமோ தொடர்பு எண்களோ அழியாது, ஆனால் சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகளும் புளூடூத் ஜோடிகளும் போய்விடும். பாஸ்வேர்டை எழுதி வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

ஒன்றை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். ரூட்டரின் பின்னால் ஊசி நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை இருக்கும். ‘ரீசெட் பண்ணு’ என்று யாராவது சொன்னதும் அதில் ஊசியைக் குத்திவிடுகிறார்கள். மின்சாரத்தை அணைத்துப் போடுவது ரீஸ்டார்ட். ஓட்டையில் குத்துவது எல்லாவற்றையும் அழிப்பது. பல பைபர் பெட்டிகளில் இணைப்புக் கம்பெனி கொடுத்த பயனர் பெயரும் பாஸ்வேர்டும் உள்ளே பதிந்திருக்கும். குத்தினால் அதுவும் போகும். இப்போது அப்பா போனில் மட்டும் நெட் இல்லை. குத்திய பிறகு வீட்டில் யாருக்கும் இருக்காது, ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் திங்கள்வரை ஆள் வரமாட்டார்.

வேறு விதமான தொல்லையோடு இதைப் படிப்பவர்களுக்குச் சுருக்கமாக. நெட் வருகிறது, ஆனால் படுக்கையறையில் இழுக்கிறது என்றால் அது தூரமும் சுவரும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரைத் தாண்டும், வேகம் குறைவு. 5 கிகாஹெர்ட்ஸ் வேகம், ஆனால் கான்கிரீட்டுக்கும் கம்பிக்கும் சீக்கிரம் சோர்ந்துவிடும். அடுக்குமாடியில் 2.4-இல் இருந்தால் சேனலை 1, 6, 11 இந்த மூன்றில் ஒன்றாக வையுங்கள், அவை ஒன்றோடொன்று மோதாதவை. வைஃபை பெயரே பட்டியலில் தெரியவில்லை, அதுவும் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த போன் என்றால், ரூட்டர் 12 அல்லது 13-ஆவது சேனலில் நிற்கிறதா பாருங்கள். இங்கே அவை சாதாரணம், அங்கே போன்கள் பொதுவாக 11-உடன் நிறுத்திக்கொள்கின்றன. பழைய போன் பாஸ்வேர்டு சரியாகக் கொடுத்தும் சேரவே மறுத்தால், ரூட்டரின் வைஃபை பாதுகாப்பு முறையைப் புதிய டபிள்யூபிஏ3-இலிருந்து பழைய டபிள்யூபிஏ2-க்கு இறக்கிப் பாருங்கள். வீட்டில் எல்லாவற்றிலும் நெட் நின்றுபோய், பெட்டியில் ‘லாஸ்’ (LOS) என்ற விளக்கு சிவப்பாகச் சிமிட்டினால், பெட்டிக்குப் பைபர் வழியாக ஒளியே வரவில்லை. போனில் எதைத் தொட்டும் பயனில்லை, லைன்காரரைக் கூப்பிடுங்கள்.

போனின் வைஃபை சில்லு கெட்டிருக்குமோ என்று கேட்டால், உங்கள் விவரத்தை வைத்துப் பார்க்கையில் வாய்ப்பு குறைவு. சில்லு போனால் பெரும்பாலும் வைஃபை ஸ்விட்ச்சே ஆன் ஆகாது, அல்லது ஆன் ஆகித் தானாக அணையும், போன் விவரங்களில் மேக் முகவரி இருக்க வேண்டிய இடம் காலியாகக் கிடக்கும். சேர்ந்து, கோடுகள் நிறைந்து, அசையாமல் நிற்கிற போனில் ரேடியோ வேலை செய்கிறது என்றே எடுத்துக்கொள்ளலாம்.

போனைக் கையில் வாங்கிப் பார்க்காமல் இதுதான் என்று என்னால் முத்திரை குத்த முடியாது. பந்தயம் கட்டச் சொன்னால், பெரியவர் போன், மற்றவை எல்லாம் ஓடுகின்றன என்பதால், தேதி அல்லது பிரைவேட் டிஎன்எஸ் மீது கட்டுவேன். அண்மையில் ரூட்டரோ இணைப்போ மாறியிருந்தால் கையால் போட்ட ஐபி மீது. ரூட்டர் மீது கட்டமாட்டேன். செய்து பார்த்துவிட்டு மூன்று விஷயம் எழுதுங்கள்: மொபைல் டேட்டாவில் வந்ததா, உங்கள் ஹாட்ஸ்பாட்டில் வந்ததா, இரண்டு போனின் ஐபி முகவரியும் என்னென்ன. மீதியை அங்கிருந்து பார்த்துக்கொள்ளலாம்.